காஞ்சிபுரத்தில் வணிகர், நெசவாளர் கூட்டமைப்புகள்

ஒரு கடைவீதியிலோ நகரப் பகுதியிலோ தொழில் செய்வோர், தனித்தனியாகச் செய்ய முடியாத பொதுக் காரியங்களைச் சேர்ந்து செய்வதற்காக அமைத்துக்கொள்ளும் சங்கமே தொழில் கூட்டமைப்பு ஆகும். எடை, அளவு, தரம் ஆகியவற்றைக் காத்தல், மூலப்பொருளைச் சேர்த்து வாங்குதல், அரசிடம் குறைகளை எடுத்துரைத்தல், வீதியைப் பேணுதல் ஆகியவை இதன் பணிகள். பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில் இத்தகைய அமைப்புகள் சோழர் காலம் முதல் இருந்து வருகின்றன.

சோழர் காலச் சான்று

10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. காஞ்சிபுரம் அதில் கச்சிப்பேடு எனப்படுகிறது. அந்நகரின் ஊரகம் கோயிலுக்கு உரிய வருவாய்களைச் செப்பேடு கூறுகிறது. சந்தையில் பொருள்களை நிறுப்பதற்கும் அளப்பதற்கும் பெறப்பட்ட கூலி அவற்றுள் ஒன்று. கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு நெசவாளர் வாழ்ந்த குடியிருப்புகளுக்குத் தரப்பட்டது. கணக்கைச் சரிபார்க்கும் கடமை நகரத்தாருக்கு இருந்தது. நகரம் என்பது அக்காலத்தில் வணிகர் ஊரின் ஆட்சி மன்றத்தைக் குறித்த சொல்லாகும்.

இதில் மூன்று கூறுகளைக் காணலாம். சந்தையில் நடக்கும் வணிகத்திலிருந்தே பொதுப் பணம் திரட்டப்பட்டது. அதைச் செலவிடும் பொறுப்பு உள்ளூர்த் தொழிலாளரிடம் இருந்தது. செலவைச் சரிபார்த்தவர்கள் வேறொரு தரப்பினர்.

தற்காலக் கூட்டுறவுச் சங்கங்கள்

இன்றைய காஞ்சிபுரத்தில் இப்பணியின் பெரும் பகுதியைப் பட்டு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் செய்கின்றன. ஒரு பட்டுச் சேலைக்குத் தேவையான பட்டு நூலையும் சரிகையையும் சொந்தப் பணத்தில் வாங்குவது பல நெசவுக் குடும்பங்களால் இயலாது. அதனால் நெசவாளர் தனியார் முதலாளியிடம் முன்பணம் வாங்கி நெய்ய வேண்டியிருக்கும். முன்பணம் தீரும்வரை வேறு இடத்துக்கு மாறுவதோ கூலியைப் பேசிப் பெறுவதோ கடினம்.

சங்கம் இந்த நிலைக்கு ஒரு மாற்றாகும். பாவு நூல், ஊடை நூல், சரிகை ஆகியவற்றைச் சங்கமே உறுப்பினருக்குத் தருகிறது. அவர் தம் வீட்டுத் தறியில் நெய்து சேலையை ஒப்படைக்கிறார். தரம் பார்த்தபின் கூலி வழங்கப்படுகிறது. கூலியில் ஒரு பகுதி சேமநிதிக்குப் பிடிக்கப்பட்டு, அரசின் பங்கும் அதனுடன் சேர்க்கப்படுகிறது. சேலைகளைச் சங்கம் தன் விற்பனை நிலையங்களில் விற்கிறது. கூட்டுறவு முறையில் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பதால், ஒரு தறி வைத்திருப்பவரும் பல தறி வைத்திருப்பவரும் தேர்தலில் சமமானவர்கள்.

ஊரின் பெயரைக் காத்தல்

காஞ்சிபுரம் என்னும் பெயர் எந்த ஒரு கடைக்கும் சொந்தமானதன்று. ஒருவர் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்றோ, போலிச் சரிகையை அசல் என்றோ விற்றால், ஏமாந்தவர் அந்த ஊர்ப் பட்டையே சந்தேகிப்பார். இழப்பு எல்லாக் கடைகளையும் எல்லாத் தறிகளையும் சேரும். இப்பெயரைக் காக்கக் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு பெறப்பட்டுள்ளது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கும் நடுவண் அரசின் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. ஆயினும், சட்டம் கடைவீதியில் நடைமுறைக்கு வர, போலியைக் கண்டால் சொல்லும் சங்கமும் தன் உறுப்பினரையே கேள்வி கேட்கும் துணிவும் தேவை.

நகரத்துக்கு வெளியே

கூட்டமைப்புகளின் பயன் நகர எல்லையோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தறிகள் உள்ளன. கோயில்களுக்கு வருவோரே கடைவீதியின் வாடிக்கையாளர்களாகவும் உள்ளனர். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான திருப்புட்குழி விசயராகவப் பெருமாள் கோயில் உள்ளது. அதற்கு அருகில் நெடுஞ்சாலையிலுள்ள ஊரின் பெயர் பாலுச்செட்டி சத்திரம். செட்டி என்பது வணிகரையும், சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கும் அறச்சாலையையும் குறிக்கும். வணிகமும் பயணமும் அறமும் ஒன்றாக நடந்ததை இப்பெயர் காட்டுகிறது.

பிற நாட்டு ஒப்பீடு

கூட்டமைப்புகள் எங்கும் சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. விளக்கும் தூய்மையும் எல்லோருக்கும் பயன்படும். ஆனால், சந்தா கட்டுபவர் சிலரே. கனடாவின் டொராண்டோ நகரில் புளூர் மேற்கு வீதி வணிகர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். சுரங்க ரயிலும் பேரங்காடிகளும் வந்தபின் வீதியில் கூட்டம் குறைந்தது. தம் பகுதியிலுள்ள எல்லாத் தொழிலகங்களிடமும் கட்டாயக் கட்டணம் பெற்று வீதியை மேம்படுத்த அவர்கள் அனுமதி கோரினர். 1970இல் அமைந்த அக்கூட்டமைப்பே உலகில் இவ்வகையில் முதலாவது எனக் கருதப்படுகிறது. சந்தையின் வருவாயில் ஒரு பங்கைப் பொதுப்பணிக்கு ஒதுக்கும் கருத்து, கச்சிப்பேட்டின் நிறை, அளவுக் கூலியிலும் காணப்பட்டதே.

குறைபாடுகள்

சங்கம் தன் உறுப்பினரின் குரலை மட்டுமே எடுத்துச் சொல்லக்கூடும். நூல் சுற்றியும் பாவு தயாரித்தும் உழைக்கும் வீட்டுப் பெண்கள், கடை ஊழியர், நடைபாதை வியாபாரிகள் ஆகியோர் பல நேரங்களில் அதற்கு வெளியே உள்ளனர். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் இதில் ஒரு பகுதியைச் சரிசெய்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டு இடங்கள், தங்களுக்குள் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளுக்கு உரியவை. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கானது.

கணக்கு மூடிவைக்கப்படுவதும், தேர்தல் தள்ளிப்போவதும் மற்றக் குறைகள். கூலி தாமதமானால் உறுப்பினர் மீண்டும் முன்பணம் தேடிச் செல்கிறார். பிள்ளைகள் தறியை விட்டு வேறு வேலைக்குப் போகின்றனர். எனவே, கூட்டமைப்பு ஊருக்குப் பயன்படுகிறதா என்பதை அறிய, அதன் விழாக்களையும் பதாகைகளையும்விட, யார் பணம் கட்டுகிறார், யார் செலவிடுகிறார், யார் கணக்குப் பார்க்கிறார் என்னும் மூன்று வினாக்களே உதவும்.