கேமராவில் வந்த ஒளி: ஆவியா, ஒட்டடையா?

எங்க குடும்ப வைபர் குழுவுக்கு ஒரு நாள் ராத்திரி ரங்கூன் தின்கன்ஜூனில் இருந்து ஒரு வீடியோ வந்தது. அனுப்பியது பெரியம்மா. வாசல் கேட்டைப் பார்க்கும் சிசிடிவி கேமராவில் பதிவான கறுப்பு வெள்ளைப் படம். இருட்டில் ஓர் ஒளி உருண்டை மெல்ல மிதந்து வருகிறது, கேட் பக்கம் கொஞ்ச நேரம் நிற்கிறது, திரும்பிப் போகிறது. கீழே ஒரே வரி: "உங்க பெரியப்பா வந்துட்டுப் போறாருப்பா."

பெரியப்பா தவறி அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை.

குழுவில் விவாதம் தொடங்கிவிட்டது. கோயம்புத்தூர் மாமா ஆவிதான் என்றார். மலேசியாவில் இருக்கும் தம்பி, "யாரோ எடிட் பண்ணியிருக்காங்க" என்றான். பெரியம்மாவின் பக்கத்து வீட்டு பர்மியக்காரம்மா, நாட் தெய்வமாக இருக்கும் என்றாராம். அங்கே பல வீடுகளில் காவலுக்கு இருக்கும் நாட்டுக்கு தேங்காய் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். இன்னொரு உறவினர், பரிகாரம் செய்ய ஆள் இருப்பதாகவும் கொஞ்சம் செலவாகும் என்றும் எழுதினார்.

இதையெல்லாம் என் ஒன்பது வயது மகள் எட்டிப் பார்த்துவிட்டாள். "அது பேயா? லீவுக்கு நான் அங்க வரமாட்டேன். நீங்க எஞ்சினியர்தானே, சொல்லுங்க."

பேயெல்லாம் கிடையாது என்று ஒரே அடியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போ அவள் மாமா பேச்சுக்குப் பதிலா என் பேச்சை நம்புவாள், அவ்வளவுதான். பெரியம்மா மனசும் நோகும். அதனால் நான் முதலில் ஒரு கேள்விதான் கேட்டேன்: "பெரியம்மா, அந்த வெளிச்சத்தை நீங்க கண்ணால பார்த்தீங்களா, இல்ல கேமராவுல மட்டும்தானா?"

கேமராவில் மட்டும்தான்.

இருட்டினதும் இந்த மாதிரி கேமராக்கள் லென்ஸைச் சுற்றியுள்ள சின்ன அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டுக்கொள்ளும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கேட் 5 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, ஒரு சிலந்தி நூல் லென்ஸிலிருந்து 10 சென்டிமீட்டரில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நூல் 50 மடங்கு கிட்டே இருப்பதால் அதன்மேல் விழும் வெளிச்சம் சுமார் 2,500 மடங்கு அதிகம். கேமராவின் ஃபோகஸோ கேட் மேல் இருக்கும். அதனால் கிட்டத்தில் பளிச்சென்று மின்னுவது மங்கலான வட்டமாக விரிந்துவிடும். காற்றில் நூல் ஆடினால் உருண்டை வரும், போகும். கொசு, தூசி, மழைத்துளியும் இதே வேலையைச் செய்யும். ஃபிளாஷ் போட்டு எடுத்த கல்யாண போட்டோக்களில் வெள்ளை வட்டங்கள் வருவதும் இதே மாதிரிதான்.

மகளுக்கு இதைக் காட்ட டிவி ரிமோட் போதுமாக இருந்தது. ரிமோட்டின் முனையைப் போனின் செல்ஃபி கேமராவுக்குக் காட்டி பட்டனை அழுத்துங்கள். பல போன்களில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னும், வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவள் பத்து தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "அப்போ பாட்டி வீட்டுலயும் டெஸ்ட் பண்ணலாமே" என்றாள்.

டெஸ்ட்டும் அவளே சொன்னதுதான். ஜன்னலில் ஒரு போனை வைத்து, அதே கேட்டை வேறு கோணத்தில் வீடியோ எடுக்க வேண்டும். ஒளி உண்மையில் வாசலில் இருந்தால் இரண்டிலும் தெரிய வேண்டும். மறுநாள் கேமராவைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இதில் நான் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் அந்தப் "பரிகார" ஆள். துக்கத்தில் இருப்பவர்களிடம் இப்படிக் காசு பார்ப்பது புதுசு இல்லை. அமெரிக்காவில் 1860களில் வில்லியம் மம்லர் என்ற புகைப்படக்காரர், இறந்தவர்களின் உருவம் பின்னால் தெரிவதுபோல படம் எடுத்துக் கொடுத்தார். உள்நாட்டுப் போரில் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் அவரைத் தேடிப் போயின. 1869இல் நியூயார்க்கில் வழக்கு நடந்தது. அந்த மாதிரி படத்தை யாரும் தயாரிக்கலாம் என்று காட்ட, லிங்கனின் ஆவியோடு எடுத்த போலிப் படமே நீதிமன்றத்துக்கு வந்தது. ஆனாலும் மோசடியை நிரூபிக்க முடியாமல் மம்லர் விடுதலையானார்.

உண்மையைச் சொன்னால் பெரியவர்களின் நம்பிக்கை உடைந்துவிடுமோ என்று நம்மில் பலர் தயங்குகிறோம். சபரிமலை மகரவிளக்கை நினைத்துப் பாருங்கள். 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டு நெரிசலில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பொன்னம்பலமேட்டில் தெரியும் அந்த ஒளி மனிதர்கள் ஏற்றுவதுதான் என்று அதே ஆண்டு திருவாங்கூர் தேவஸ்வம் போர்டே ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் பக்தர்கள் போகிறார்கள், சரணம் சொல்கிறார்கள். விளக்கை யார் ஏற்றினார்கள் என்பது வேறு, அதைப் பார்த்துக் கும்பிடுகிற மனசு வேறு.

இரண்டு நாள் கழித்து பெரியம்மா கூப்பிட்டார். கேமராவில் உருண்டை வந்திருக்கிறது, ஜன்னல் போனில் ஒன்றுமில்லை. துடைத்த பிறகு கேமராவிலும் இல்லை. "சிலந்தி வலைதான்ப்பா. உங்க பெரியப்பா இருந்திருந்தா ஞாயித்துக்கிழமை தவறாம அந்த ஒட்டடையை அடிச்சிருப்பாரு" என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது.

மகள் போனை வாங்கிக்கொண்டாள். "பாட்டி, தாத்தா வேற என்னல்லாம் பண்ணுவாரு?" என்று கேட்டாள். அன்றைக்கு அவர்கள் முக்கால் மணி நேரம் பேசினார்கள். லீவுக்கு டிக்கெட் போட்டாயிற்று.