கருஞ்சிவப்பு மன்னனின் இசைத்தட்டுக்கள்

முதற் படைப்பிலேயே பெரும்புகழ் பெற்றுவிட்ட கலைஞனுக்கு அப்புகழே பின்னர் பகையாதலும் உண்டு. இரசிகர் அவனிடம் அதனையே மீண்டும் வேண்டுவர். கொடுத்தால் அலுப்பென்பர், கொடாவிடின் ஏமாற்றமென்பர். நாவலாசிரியர் பலர் அறிந்த இவ்விக்கட்டு, கிங் கிறிம்சன் என்னும் ஆங்கில றொக் இசைக்குழுவிற்கு 1969ஆம் ஆண்டிலேயே வந்துற்றது. அக்குழுவின் இசைத்தட்டுக்களை அவை வெளிவந்த ஒழுங்கிலேயே அண்மையில் மறுபடியும் கேட்டோம். புகழினின்றும் தப்பிச் செல்ல ஒருவர் செய்த நீண்ட முயற்சியாகவே அவ்வரிசை நமக்குப் புலப்பட்டது.

இக்குழுவின் இசையை 'முற்போக்கு றொக்' என வகுப்பர். நம் இலக்கிய விவாதங்களில் முற்போக்கு என்னும் சொல்லுக்கு ஏறியுள்ள பொருளை இங்கே தேடலாகாது. ஆட்டத்திற்கேற்ற மூன்று நிமிடப் பாட்டாக இருந்த றொக் இசையை நீட்டி, ஜாஸ், மேலைச் செவ்வியல் இசை, கவிதை ஆகியவற்றோடு பிணைக்க 1960களின் இறுதியில் ஆங்கில இளைஞர் செய்த முயற்சிக்கே அப்பெயர் வழங்கிற்று. அது வடிவம் பற்றிய முற்போக்கேயன்றிக் கொள்கை பற்றியதன்று.

1969 ஜனவரியில் லண்டனிற் பயிற்சி தொடங்கிய குழு, அவ்வாண்டு யூலை 5ஆம் திகதி ஹைட் பூங்காவில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் இலவசக் கச்சேரிக்கு முன்னோடியாக இலட்சக்கணக்கானோர் முன் வாசித்தது. ஒக்ரோபரில் முதலாவது தட்டு வெளிவந்தது. கிற்றார் வாசித்தவர் றொபேட் பிறிப். பாடியவர் கிறெக் லேக். புல்லாங்குழலும் சாக்சபோனும் இயன் மக்டொனல்டுடையவை. முரசு மைக்கல் ஜைல்சினுடையது. ஐந்தாமவரான பீற்றர் சின்பீல்ட் மேடையில் எவ்வாத்தியமும் வாசிக்காதவர். பாட்டெழுதுவதும் ஒளியமைப்பதுமே அவர் தொழில். சொல்லை ஆள்பவனும் குழுவின் சரிநிகர் அங்கத்தவனே என அவர்கள் கொண்டமை இலக்கிய அன்பர் கவனிக்கத் தக்கது.

அத்தட்டிலே ஓங்கி ஒலிப்பது மெலட்றோன் என்னும் கருவி. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் வயலின் முதலியவற்றின் ஒலி பதிந்த காந்தநாடா ஒன்று உண்டு. கட்டையை அழுத்தினால் நாடா ஏறக்குறைய எட்டு வினாடி ஓடும், பின்னர் நின்றுவிடும். விரலை எடுத்து மீண்டும் அழுத்தவேண்டும். நீண்ட சுரமெல்லாம் அற்பாயுளுடையது. ஆதலினாலேயே அவ்வொலியில் ஒரு நடுக்கம் ஓயாதிருக்கிறது. வியட்னாம் யுத்தத்தின் நிழல் படிந்த முதற் பாட்டின் வெறியும், அதனை அடுத்து வரும் பாட்டின் மென்மையும் இன்றும் தளரவில்லை. அட்டையில் அலறும் முகத்தைத் தீட்டிய பரி கொட்பர், தட்டு வெளிவந்த சில மாதங்களுள் இளவயதிலேயே இறந்துபோனார்.

ஆண்டு முடியுமுன் மக்டொனல்டும் ஜைல்சும் விலகினர். லேக்கும் வேறு குழு அமைக்கச் சென்றார். 1970இல் வந்த இரண்டாவது தட்டு முதலாவதன் வார்ப்பிலேயே இயன்றது, நன்றாயினும் நகலே. அவ்வாண்டு டிசெம்பரில் வந்த 'லிசாட்', ஜாஸ் இசையின் பக்கம் வெகுதூரம் சென்று பார்த்தது. சின்பீல்டின் சொற்கள் இதனுள் அணிகளின் பாரத்தால் நடக்கமாட்டாது தள்ளாடுகின்றன. அடுத்த ஆண்டின் 'ஐலண்ட்ஸ்' வெளிவந்தபின் அவரும் வெளியேற, தொடங்கியவருள் எஞ்சியவர் பிறிப் ஒருவரே.

வேறொருவராயின் பெயரையும் கைவிட்டிருப்பார். பிறிப் பெயரை வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிட்டார். 1972இல் யெஸ் குழு புகழின் உச்சியில் இருந்தபோது அதனை விட்டு வந்த முரசுக்காரர் பில் புறூபோட், பாடகர் ஜோன் வெற்றன், வயலின் வாசித்த டேவிட் குறொஸ், தகரத் தகட்டையும் கையிற் கிடைத்த பொருளையும் தட்டி ஒலியெழுப்பிய ஜேமி மூர் ஆகியோர் சேர்ந்தனர். 1973இல் ஒரு தட்டு வெளிவருவதற்குள் மூர் விலகி ஸ்கொத்லாந்திலுள்ள பௌத்த மடத்தை நாடினார்.

1974இன் 'ஸ்ரார்லெஸ் அன்ட் பைபிள் பிளக்' பெரும்பாலும் மேடையிற் பதிந்தது. சபையோரின் ஆரவாரம் நீக்கப்பட்டிருக்கிறது. அதிலே 'றியோ' என்றொரு பகுதி உண்டு. அம்ஸ்ரர்டாமிலே முன்னேற்பாடின்றி மூவர் மெல்ல வாசிக்கத் தொடங்க, புறூபோட் தம் கோல்களை மார்பிலே குறுக்காக வைத்துக்கொண்டு இறுதிவரை ஒரு தட்டும் தட்டாதிருந்தார். அவ்வடக்கத்திற்காகவே அவரது பெயரும் ஆக்கியோர் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வாசியாமையும் இசையாக்கமே என இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

அத்தட்டிற்கென வெற்றன் கொண்டுவந்த பாட்டொன்றை மற்றையோர் விரும்பவில்லை. ஒதுக்கப்பட்ட அப்பாட்டே சில மாதங்களின் பின் 'றெட்' என்னும் தட்டின் இறுதியில் 'ஸ்ரார்லெஸ்' ஆகப் பன்னிரண்டு நிமிடம் விரிந்தது. சோகமான மெட்டு ஓய்ந்ததும், பதின்மூன்று எண்ணிக்கை கொண்ட தாளத்தில் பேஸ் கிற்றார் நடக்கத் தொடங்குகிறது. பிறிப் ஒரே சுரத்தை விடாது மீட்டுகிறார், வெகுநேரத்தின் பின்பே அது மேலேறுகிறது, முரசு நெருங்குகிறது, அழுத்தம் தாங்கொணாதாகி வெடித்து, முதல் மெட்டு சாக்சபோனில் மீண்டு வருகிறது. அதனை வாசிக்க விருந்தினராக வந்தோருள் ஒருவர், 1969இற் பிரிந்து சென்ற மக்டொனல்ட். குறொஸ் இதற்குள் குழுவிலில்லை.

அக்காலத்திற் பிறிப், பெனற் என்னும் ஆன்மிக ஆசிரியரின் நூல்களிலே ஆழ்ந்திருந்தார். ஒலிப்பதிவின்போது தம் அபிப்பிராயம் கூறுவதையே தவிர்த்தார் என்பர். ஒக்ரோபரில் 'றெட்' கடைக்கு வருமுன் குழுவையே கலைத்துவிட்டார். விற்பனை அதிகமில்லை; முதலாவது தட்டு பிரித்தானிய வரிசையில் 5ஆம் இடம் பெற்றிருக்க, இது 45ஆம் இடத்துக்கு மேற் செல்லவில்லை. எனினும் கட்டுக்கோப்பில் இதற்கு இணையான தட்டை இக்குழு அதன்பின் தரவில்லை என்பதே நம் துணிபு.

1981இல் அதே பெயரில் எழுந்த புதிய குழுவின் 'டிசிப்ளின்', ஜாவாத் தீவின் கமலான் இசைபோல இரு கிற்றார்கள் ஒன்றையொன்று பின்னிச் செல்லும் இசை, மெலட்றோன் இல்லை. அதன்பின் வந்தவற்றுள் 2003இன் 'த பவர் ரு பிலீவ்' தவிர ஏனையவற்றை மீண்டும் கேட்கும் ஆவல் நமக்கு எழவில்லை. நெடுங்காலம் பழம்பாட்டுக்களிற் பெரும்பாலானவற்றை ஒதுக்கியிருந்த பிறிப், 2014 முதல் மூன்று முரசுக்காரரை மேடையின் முன்வரிசையில் இருத்தி, 1969இன் பாட்டுக்களையும் 'ஸ்ரார்லெஸ்'ஸையும் வாசித்தார். புதிய தட்டு எதனையும் அக்குழு கலையகத்தில் உருவாக்கவில்லை. 2021 டிசெம்பர் 8ஆம் திகதி டோக்கியோவிலே அதன் சுற்றுலா முடிவுற்றது. லேக் 2016இலும், வெற்றன் 2017இலும், மக்டொனல்ட் 2022இலும், சின்பீல்ட் 2024இலும் காலமாயினர்.

புதிதாகக் கேட்க விழையும் மாணவர் முதலாவது தட்டிலே தொடங்கவேண்டியதில்லை. 'றெட்'டின் இரண்டாம் பக்கத்தை முதலிற் கேட்கலாம். அங்குள்ளவை இரண்டே உருப்படிகள்.