புகை செல்லும் வழி

விழுப்புரம் மாவட்டத்து முகையூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் வைகறைப் பொழுது விறகடுப்போடு விடிவது நெடுங்கால வழக்கம். வேலிக்காத்தான் விறகும், காய்ந்த கடலைக் கொடியும், தென்னை மட்டையும் ஏழை எளியோர்க்கு எளிதிற் கிட்டும் எரிபொருள்கள். எரிவாயு அடுப்புப் பரவியுள்ள இந்நாளிலும், வெந்நீர் காய்ச்சவும், மாட்டிற்குத் தீவனம் வேகவைக்கவும், விழாக் காலத்தில் பெருஞ்சோறு சமைக்கவும் விறகடுப்பே பல வீடுகளில் துணை நிற்கின்றது.

அடுப்பின் முன் அமர்ந்த தாய் ஊதுகுழலால் ஊதுகின்றாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கின்றாள், இருமுகின்றாள். அவள் மடியில் இருக்கும் குழந்தையும் இருமுகின்றது. மேலே புகைக்கூண்டு இல்லாமல் இல்லை. இருந்தும் புகை அதன் வழியே வெளியேறாது வீட்டிற்குள்ளேயே கவிழ்கின்றது. சில நாள்களில், வெளியேறிய புகையும் திரும்பிக் கீழே வருகின்றது. விறகைக் குறை கூறுவார் சிலர். அடுப்பைக் குறை கூறுவார் சிலர். "வேளை சரியில்லை" என்பாரும் உண்டு. உண்மைக் காரணம் யாது?

இவ்வினா கண்ணெரிச்சலோடு முடிந்துவிடுவதன்று. விறகுப் புகையில் கண்ணுக்குத் தோன்றாத நுண்துகள்கள் கலந்துள்ளன. அவை தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கினும் சிறியவை. ஆதலின் மூக்கிலும் தொண்டையிலும் தடைப்படாமல் நுரையீரலின் ஆழத்திற்குச் சென்று தங்குகின்றன. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் உடன் சேர்கின்றது. 1980களின் தொடக்கத்தில் கர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞர், இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, குஜராத் மாநிலச் சிற்றூர்களில் சமைக்கும் பெண்களின் மீதே சிறு கருவிகளைப் பொருத்தி, அவர்கள் மூச்சில் செல்லும் புகையை அளந்தார். பெரிய நகரங்களின் மாசுற்ற காற்றினும் அச்சமையலறைக் காற்றுப் பன்மடங்கு தீயது என்பது அப்போது வெளிப்பட்டது. 2020ஆம் ஆண்டில் வீட்டுப் புகையால் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆகவே, அடுக்களைப் புகையை வெளியேற்றுவது உயிர் காக்கும் பணியாகும்.

புகை ஏன் மேலே செல்கின்றது? "இலேசாய் இருப்பதால்" என்று பலரும் விடை கூறுவர். அது முழு விடையன்று. புகையில் உள்ள கரித்துகள் காற்றினும் கனமானது. சூடேறிய காற்றே இலேசாகி மேலெழுந்து, அத்துகளையும் உடன் சுமந்து செல்கின்றது. வெப்பம் நீங்கினால் புகையின் ஏற்றமும் நீங்கும்.

இதனை ஒரு சிறு கணக்கால் தெளியலாம். 30 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1,160 கிராம் எடையுள்ளது. 150 பாகைக்குச் சூடேறினால் அதே அளவு காற்றின் எடை 830 கிராம் அளவாகக் குறையும். வேறுபாடு 330 கிராம். மூன்று மீட்டர் உயரமுள்ள புகைக்கூண்டு ஒன்றில் இவ்வேறுபாடு மும்மடங்காகும். அஃதாவது, ஒரு சதுர மீட்டர் பரப்பிற்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் என்க. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் நீரைப் பரப்பினால் அதன் ஆழம் ஒரு மில்லிமீட்டரே இருக்கும். அம்மெல்லிய நீர்ப்படலம் தரையை எவ்வளவு அழுத்துமோ, அவ்வளவு அழுத்தமே புகையை மேலே தள்ளும் ஆற்றல்! இத்துணைச் சிறிய ஆற்றலைக் கெடுப்பதற்குப் பெரும் பகை வேண்டுவதில்லை. சிறு தடையே போதும்.

முதற் பகை, எதிர்க் காற்று. மணிக்கு 18 கிலோமீட்டர் விரைவில் வீசும் காற்று ஒரு சுவரில் முட்டி நின்றால், ஒன்றரை மில்லிமீட்டர் நீரின் அழுத்தத்தை உண்டாக்கும். புகையின் ஆற்றலோ ஒரு மில்லிமீட்டர். வெல்வது எது என்று கூறவும் வேண்டுமோ? தாழ்ந்த ஓட்டு வீடொன்றின் அருகில் புதிதாக மாடி வீடு எழும்பியதாகக் கொள்வோம். ஆடி மாதத்து மேல்காற்று அம்மாடிச் சுவரில் மோதிக் கீழ்நோக்கிச் சுழல்கின்றது. பல்லாண்டுகள் செவ்வனே புகை போக்கிய கூண்டு அன்று முதல் புகையைத் திருப்பி அனுப்புகின்றது. குற்றம் அடுப்பினுடையதும் அன்று, விறகினுடையதும் அன்று. புளியமரம் ஓங்கி வளர்ந்து கூண்டின் மேல் கவிந்தாலும் இதே விளைவு நேரும். கூண்டின் வாய், மூன்று மீட்டர் தொலைவிற்குள் உள்ள எக்கூரையினும் குறைந்தது 60 சென்டிமீட்டராவது உயர்ந்திருத்தல் வேண்டும். வாயின் மேல் தொப்பி ஒன்று அமைத்தால் மழைநீரும் எதிர்க் காற்றும் நேரே இறங்கா. தடையின்றிக் கூண்டின் மேல் குறுக்கே வீசும் காற்றோ புகையை உறிஞ்சி இழுத்து உதவி செய்யும். ஒரே காற்று, இடத்திற்கேற்பப் பகையும் ஆகின்றது, நட்பும் ஆகின்றது.

இரண்டாம் பகை, அடைத்த அறை. கூண்டின் வழியே வெளியேறும் காற்றிற்கு ஈடாக வெளியிலிருந்து புதுக்காற்று உள்ளே வருதல் வேண்டும். கதவும் சாளரமும் அடைபட்டிருந்தால் காற்று வர வழியில்லை. ஆகவே புகை போகவும் வழியில்லை. அமெரிக்க நாட்டுப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் 1785ஆம் ஆண்டில் ஐரோப்பாவினின்று தாயகம் திரும்பும் கப்பலில் இருந்தவாறே, புகைக்கூண்டுகள் புகைவதற்கு ஒன்பது காரணங்களை வகுத்து ஒரு நீண்ட மடல் எழுதினார். அவற்றுள் அவர் முதற்கண் எடுத்துக்காட்டியது இக்காற்றுக் குறையே. மழைக்காலத்தில் குளிருக்கு அஞ்சிக் கதவடைத்துச் சமைப்போர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். அடுப்பிருக்கும் பக்கத்தில் தாழ்வான ஒரு சிறு சாளரமேனும் திறந்திருத்தல் நன்று.

மூன்றாம் பகை, குளிர்ச்சி. இரவெல்லாம் அணைந்து கிடந்த அடுப்பின் கூண்டில் குளிர்ந்த காற்று நிறைந்து நிற்கும். அதனைத் தள்ளிக்கொண்டு மேலேற இளஞ்சூட்டுப் புகைக்கு வலிமை போதாது. முதலில் கூண்டின் அடியில் கையளவு காய்ந்த தென்னங்கீற்றையோ வைக்கோலையோ கொளுத்தினால் குழாய் சூடேறும். பின்னர்ப் புகை தானே வழி பிடிக்கும். ஈர விறகும் இவ்வகையிற் பட்டதே. விறகிலுள்ள நீரை ஆவியாக்குவதில் வெப்பம் வீணாகின்றது. கூண்டினுள் வெப்பம் 150 பாகையிலிருந்து 60 பாகையாகத் தாழ்ந்தால், புகையை ஏற்றும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வெட்டிய விறகைப் பிளந்து, வெயிலில் உலர்த்தி, மழை படாது அடுக்கி வைத்துப் பயன்படுத்துதல் அறிவுடைமை.

நான்காம் பகை, கரி. புகையிலுள்ள தார்ப்பசையும் கரித்துகளும் குழாயின் உட்புறம் படிந்து நாள்தோறும் தடிக்கும். பத்துச் சென்டிமீட்டர் அகலமுள்ள குழாயில் சுற்றிலும் ஒன்றரைச் சென்டிமீட்டர் கரி படிந்தால், புகை செல்லும் பரப்பில் பாதியே எஞ்சும். ஓட்டை வழியே புகை கசிவதும், படிந்த கரியில் தீப்பற்றிக் கூரைக்குப் பரவுவதும் உண்டு. ஆகவே, அடுப்பு ஆறிய பின்னர், தேங்காய் நார்க் கற்றையைக் கயிற்றிற் கட்டிக் குழாயினுள் மேலும் கீழும் இழுத்து மாதந்தோறும் துடைத்தல் வேண்டும். கீற்று வேய்ந்த வீட்டில் குழாய் கூரையைத் தொடாதவாறு வெளிச்சுவர் வழியே கொண்டு செல்வதே பாதுகாப்பானது.

இவற்றையெல்லாம் எண்ணி நல்லடுப்பு அமைக்க முயன்ற பெரியோர் இந்நாட்டிற் பலர். 1934ஆம் ஆண்டில் காந்தியடிகளின் முயற்சியால் அனைத்திந்தியக் கிராமத் தொழிற் சங்கம் தோன்றியது. தஞ்சாவூரிற் பிறந்த ஜே. சி. குமரப்பா அதன் செயலாளராய் விளங்கினார். வார்தாவில் அச்சங்கத்தின் இருப்பிடமாகிய மகன்வாடியில் உருவான புகையில்லா அடுப்பு 'மகன் சூலா' எனப் பெயர் பெற்றது. ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு என்பார், மண்ணாலேயே கட்டத்தக்க புகைக்கூண்டு அடுப்பொன்றை வகுத்து, 1953ஆம் ஆண்டில் அதனை விளக்கும் நூலை வெளியிட்டார். தமிழகத்துக் கொடியடுப்பில் ஒரு வாயில் எரியும் தீ அடுத்த வாய்க்கும் வெப்பம் தருவதுபோல, இவ்வடுப்புகளிலும் ஒரே தீயில் பல கலங்கள் காயும். எஞ்சிய புகை கூண்டை அடையும். கலங்கள் அடுப்பின் வாயிற் பொருந்தி அமர்தல் மட்டும் இன்றியமையாதது. இடைவெளி இருப்பின் குளிர் காற்று புகுந்து புகையின் வலிமையைக் குறைக்கும்.

பின்னர் 1983ஆம் ஆண்டில் இந்திய அரசு செம்மையடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002ஆம் ஆண்டில் அது முடிவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நாடெங்கும் அமைக்கப்பட்டன. ஆயினும் அவற்றுட் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. குழாய் கரியால் அடைபட்டது. விரிசலுற்ற மண் பூசப்படவில்லை. பழுது பார்ப்பாரும் இல்லை. அடுப்பைக் கட்டிக் கொடுத்தோர் பலர். கட்டிய பின் அதனைப் பேணும் முறையைக் கற்பித்தோர் சிலர். அடுப்பைத் தந்தால் மட்டும் புகை போகாது என்னும் பெரும் பாடத்தை நாடு இவ்வாறு கற்றது.

2016ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை மகளிர் பலர்க்கு எரிவாயு இணைப்புக் கிடைத்தது. புகையினின்று விடுபட அதுவே மேலான வழி. எனினும் விறகு எரியும் வரையில் புகையும் இருக்கும்; புகை இருக்கும் வரையில் அதற்கு வழி செய்வதும் கடமையாகும். அறிவியல் ஏட்டில் மட்டும் இருப்பதன்று, அடுக்களையிலும் இருக்கின்றது. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கூண்டை ஒரு நாள் உற்று நோக்கட்டும். அதன் வாயினும் உயர்ந்த சுவர் அருகில் உண்டா? காற்று உள்ளே வர வழி உண்டா? விறகு உலர்ந்ததா? குழாய் துடைக்கப்பட்டு எத்தனை மாதமாயிற்று? இந்நான்கு வினாக்களுக்கும் விடை கண்டு, குறையை நீக்கும் பிள்ளை, தாயின் கண்ணீரைத் துடைத்த பிள்ளையாவான். அவள் மூச்சையும் காத்தவனாவான்.