பாதியில் விட்ட விளையாட்டும் மேலதிகப் பாகங்களும்



சென்ற மாதம் குடும்ப வரவுசெலவு பற்றிப் பேசிவிட்டுக் கலையகத்தை விட்டு வெளியே வந்தபோது, ஒரு தாயார் தொலைபேசியில் காத்திருந்தார். "அண்ணை, மகன் எண்பது டொலர் குடுத்து வாங்கின வீடியோ கேமைப் பாதியிலை விட்டிட்டான். இப்ப அதுக்கு இன்னொரு பாகம் வந்திருக்காம், இன்னும் நாற்பது டொலர் கேக்கிறான். இது ஏமாத்து வேலையோ?" என்று கேட்டார். அன்று இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. இன்று விபரமாகச் சொல்கிறேன்.

இவை பத்து நிமிடத்தில் முடியும் விளையாட்டுக்கள் அல்ல. பிள்ளை ஒரு கதாபாத்திரமாக மாறி, ஊர் ஊராக அலைந்து, முடிவுகள் எடுத்து, படிப்படியாகப் பலம் பெறவேண்டும். சிலவற்றை முடிக்க நூறு மணித்தியாலமும் போதாது. நடுவில் பரீட்சை வரும், வேலை வரும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் கதையும் மறந்திருக்கும், எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதும் மறந்திருக்கும். அதனால்தான் பலர் திரும்பிப் போவதில்லை.

மேலதிகப் பாகம் என்பது இணையத்தில் தரவிறக்கி மூல விளையாட்டோடு சேர்ப்பது. இதில் பதரும் உண்டு, நெல்லும் உண்டு. 2006 இல் ஒப்லிவியன் என்ற விளையாட்டுக்குக் குதிரைக் கவசம் ஒன்றை இரண்டரை அமெரிக்க டொலருக்கு விற்றார்கள், உலகமே சிரித்தது. அதே விளையாட்டுக்கு 2007 இல் வந்த சிவரிங் ஐல்ஸ் முழுதாக ஒரு புதிய நாட்டையே கொடுத்தது. ஆகவே பெயரைப் பார்த்து மதிப்பிட முடியாது.

பாதியில் விட்டவர் திரும்பி வரும் வழியும் ஒவ்வொன்றிலும் வேறு. போலந்து நிறுவனம் ஒன்று 2015 இல் வெளியிட்ட விச்சர் 3 இன் இரண்டு பெரிய பாகங்களையும், மூலக்கதையை முடிக்காமலே, தயார் நிலையில் உள்ள கதாநாயகனோடு நேரடியாகத் தொடங்கலாம். சைபர்பங்க் 2077 க்கு 2023 இல் வந்த பாகத்திலும் அப்படி ஒரு குறுக்குவழி உண்டு. ஆனால் எல்டன் ரிங்கிற்கு 2024 இல் வந்த பாகம் அப்படியல்ல. மூல விளையாட்டில் இரண்டு பெரிய எதிரிகளை வென்ற பின்புதான் கதவு திறக்கும். அவர்களை வெல்லாத பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுத்தால், காசு போகும், கதவு பூட்டியபடியே இருக்கும். முடிந்துபோன கதையைத் திறந்துவிட்ட பாகமும் உண்டு. 2008 இல் வந்த ஃபோல்அவுட் 3 இல் கதை முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. 2009 இல் வந்த ஒரு பாகம் அந்த முடிவை மாற்றி, தொடர்ந்து விளையாட விட்டது.

காசு கொடுக்க முன் நான்கு விடயம் பாருங்கள்.

ஒன்று, பழைய சேமிப்பு இன்னும் இருக்கிறதா? இயந்திரத்தை மாற்றியிருந்தால் அது போயிருக்கலாம்.

இரண்டு, தட்டு எங்கே வாங்கியது? லண்டனில் இருந்து மாமா அனுப்பிய பிளேஸ்ரேசன் 4 தட்டோடு, கனடியக் கணக்கில் வாங்கிய பாகம் பொதுவாகச் சேராது. நாலு நாட்டில் உறவுகள் உள்ள எங்களுக்கு இது முக்கியம்.

மூன்று, எல்லாம் அடங்கிய பதிப்பு மலிவு விலையில் கிடைக்கிறதா? விச்சர் 3 க்கு 2016 இலேயே அப்படி ஒன்று வந்துவிட்டது.

நான்கு, கடை திறந்திருக்கிறதா? எக்ஸ்பொக்ஸ் 360 இன் இணையக்கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. முன்பு வாங்கியதைத் திரும்ப இறக்கலாம், அந்தக் கடையில் புதிதாக வாங்க முடியாது.

இனிக் கணக்குக்கு வருவோம். வணிகவியலில் 'மூழ்கிய செலவு' என்று படித்தோம். அந்த எண்பது டொலர் போனது போனதுதான். அதை மீட்பதற்காக நாற்பது கொடுப்பதும் பிழை, அதைச் சொல்லிக்காட்டி நாற்பதை மறுப்பதும் பிழை. இந்த நாற்பதுக்கு அவனுக்கு நேரமும் விருப்பமும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அறிய ஒரு வழி: பழைய விளையாட்டை இரண்டு மாலை விளையாடச் சொல்லுங்கள். அதற்குச் செலவில்லை.

நானும் ஒருகாலம் பிழையாகக் கணக்குப் போட்டவன்தான். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் விச்சர் 3 ஐப் பாதியில் விட்டபோது, "காசைக் கரியாக்கிப் போட்டாய்" என்று ஏசினேன். பல வருடம் கழித்து, வேலை கிடைத்தபின், ஒரு நத்தார் விடுமுறைக்கு வந்தவன் அதன் இரண்டாவது பாகத்தைத் தானே வாங்கி இறக்கினான். "அப்பா, இதிலை வந்து இருந்து பாருங்கோ" என்றான். ஊரூராக அலைந்து கூலிக்கு வேலை செய்யும் அந்தக் கதாநாயகனுக்கு அந்தப் பாகத்தில் முதல்தடவையாகச் சொந்தமாக ஒரு வீடும் திராட்சைத் தோட்டமும் கிடைக்கின்றன. வீட்டைத் திருத்தலாம், சாமான் வாங்கி வைக்கலாம். நான் ஒன்றும் பேசவில்லை. எங்கள் முதல் வீட்டின் திறப்பு கையில் கிடைத்த நாள்தான் ஞாபகம் வந்தது.

அந்தக் கிழமைக்குள் அவன் மூலக்கதைக்கும் திரும்பிப் போய் அதை முடித்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

அந்தத் தாயாருக்கு என் பதில் இதுதான்: ஏமாற்று வேலை என்று ஒரேயடியாகச் சொல்லமுடியாது. நான்கையும் பாருங்கள். வாங்கிக் கொடுத்தால், ஒரு மாலை நீங்களும் பக்கத்தில் இருங்கள்.