வீடு முதலில், குழாய் பிறகு

பெங்களூரின் கிழக்கு விளிம்பில் உள்ள பெல்லந்தூர், வர்த்தூர் பகுதிகளில் விடிந்ததும் கேட்பது டேங்கர் லாரியின் ஹாரன். வங்கிக் கடன் வாங்கி அடுக்குமாடியில் குடியேறியவர்களுக்கு மாதத் தவணையோடு தண்ணீருக்கும் ஒரு செலவு என்பது பழகிப்போன விஷயம்.

கோளாறின் வேர் 2007இல் இருக்கிறது. இந்தப் பகுதிகள் உட்பட 110 கிராமங்கள் அந்த ஆண்டு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. கட்டடங்கள் மளமளவென்று எழுந்தன. காவிரி மட்டும் வரவில்லை. சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றி வரவேண்டிய நீர் அது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இடைப்பட்ட 17 ஆண்டுகளும் ஆழ்துளைக் கிணறுகளே கதி.

2024 மார்ச்சில் அவையும் கைவிட்டன. 12,000 லிட்டர் லாரிக்கு, 5 கி.மீ. தூரம் வரை, 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயிக்க நேர்ந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம்.

வரும் நீருக்கு இந்தப் பாடு என்றால், போகும் நீரின் கதை இன்னும் மோசம். கழிவுநீர் கலந்து நுரை பொங்கிய பெல்லந்தூர் ஏரி 2017இல் தீப்பற்றியே எரிந்தது.

குடியிருப்புவாசிகள் புதிய வீடுகளே கூடாது என்று சொல்லவில்லை. அவர்கள் கேட்பது, குழாயும் சாக்கடையும் வந்த பிறகு அடுத்த மாடி எழட்டும் என்பதைத்தான்.