குளத்திற் கடற்போர்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியரிடம் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் பொருளொன்றையே எடுத்துக்கொள்ள எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவன் பதினோராந் தரத்து மாணவன் ஒருவன். எமது கல்லூரியின் பொழுதுபோக்குக் கழகத்துக்குப் பொறுப்பாசிரியராக நாம் இருந்து வருகின்றோம். கடமைகள் பங்கிடப்பட்டபோது ஈற்றில் எஞ்சியிருந்தது அதுவேயென்பது சக ஆசிரியர்கள் அறிந்த செய்தி. ஒருநாள் கூட்டம் முடிந்தபின் அம்மாணவன் தன் அண்ணனின் கைப்பேசியிலே குறும்படமொன்றைக் காட்டினான். அமெரிக்க நாட்டுக் குளமொன்றில், ஓராள் நீளமுள்ள போர்க்கப்பல்கள் இரண்டு ஒன்றையொன்று சுற்றிவந்து சுட்டுக்கொண்டன. அவற்றுள் ஒன்று மெல்லச் சரிந்து நீருள் மறைந்தது. அதன் சொந்தக்காரர் இடுப்பளவு நீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

“கப்பல் தாழுது, அவர் சிரிக்கிறார். ஏன் சேர்? நாங்களும் இப்பிடிச் செய்யலாமோ?” என்றான்.

போர்க்கப்பல் என்னுஞ் சொல் எம் வயதினர் செவியில் விளையாட்டுச் சொல்லாக விழுவதில்லை. கடற்பக்கமிருந்து வரும் வெடியோசைக்குச் செவிகொடுத்துப் பதுங்குகுழியிற் கழித்த இரவுகள் எமக்குண்டு. மாணவனோ 2009ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவன். ஆகும் என்றோ ஆகாது என்றோ அன்று நாம் கூறவில்லை. விசாரித்துச் சொல்வோம் என்றோம். அவ்வாறு விசாரித்தறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

நீர்நிலையிற் போர் நடத்திக் கண்டு களித்தல் புதிய வழக்கமன்று. கி.மு. 46இல் யூலியஸ் சீசர் உரோமாபுரியிலே தைபர் ஆற்றங்கரையிற் பெருங்குளம் ஒன்றை அகழ்வித்து, மெய்யான கப்பல்களை அதில் மோதவிட்டான். கி.பி. 52இல் குளோடியஸ் மன்னன் பூசினோ ஏரியில் இதனினும் பெரிய போரொன்றை நடத்தினான். அங்கே பொருதவர்கள் தண்டனை பெற்ற கைதிகள், சிந்தியதும் மெய்க்குருதியே. கரையில் இருந்தோர்க்கு அது விழா. பிற்காலத்தில் இவ்வழக்கம் சாதுவாயிற்று. இங்கிலாந்தின் யோக்சயர் மாகாணத்து ஸ்காபரோ நகரிலே பீசோம் பூங்காக் குளத்தில், 1927ஆம் ஆண்டு தொடங்கி, கோடைகாலத்தில் கடற்போர்க் காட்சி நடைபெறுகின்றது. ஆள் உள்ளே அமர்ந்து செலுத்தத்தக்க பெரிய மாதிரிக் கப்பல்கள் அவை. செலுத்துவோர் நகரசபை ஊழியர்கள். புகையும் வெடியோசையும் உண்டு; காயம் இல்லை.

மாணவன் காட்டிய படத்திலோ கப்பலினுள் ஆள் இல்லை. கரையில் நிற்பவர் கையிலுள்ள பெட்டியிலிருந்து செல்லும் வானொலியலைகளே சுக்கானைத் திருப்புகின்றன. சுடுவதும் அவற்றின் ஏவலே. இதற்கு மூலவர் நிக்கொலா தெஸ்லா. 1898இல் நியூயோர்க் மடிசன் சதுக்க அரங்கில் நடைபெற்ற மின்பொருட் கண்காட்சியிலே சிறு படகொன்றை நீரில் விட்டு, கம்பித் தொடர்பின்றி அதனை இயக்கிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8ஆந் திகதி அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். இத்தகைய கருவியின் அழிக்கும் வல்லமையே நாடுகளிடையே நிலையான சமாதானத்தைக் கொணரும் என்னுங் கருத்தையும் அவ்வுரிமைப் பத்திரத்தில் எழுதிவைத்தார். அக்கருத்துப் பலித்த வகையை வாசகர்களே அறிவார்கள்.

ஒருவரையொருவர் மெய்யாகவே துளைக்கும் மாதிரிக் கப்பற்போர் 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவின் தெக்சாஸ் மாநிலத்திலே தொடங்கிற்று. இன்று அந்நாட்டின் பல பகுதிகளிலும் பிறநாடுகள் சிலவற்றிலும் இதற்கெனக் கழகங்கள் உள்ளன. கழகங்களிடையே விதிகள் சிறிது வேறுபடினும் அடிப்படை ஒன்றே. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிக்குரிய மெய்யான போர்க்கப்பல் ஒன்றைத் தெரிந்து, அதனை 144இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டவேண்டும். பன்னிரண்டு அடி ஓரங்குலமாகின்றது. தன் மனம்போன போக்கிற் கப்பல் வகுக்க எவருக்கும் உரிமையில்லை.

எம் நாட்டு மூத்தோருக்கு இக்கப்பல்கள் முற்றும் அந்நியமானவையல்ல. 1942 ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 600 அடி நீளமானது. மேற்கூறிய அளவிற் செய்தால் 4 அடி 2 அங்குலமாகும். அவ்விமானங்களை ஏற்றிவந்த கப்பற்படைக்குத் துணையாக வந்த கொங்கோ வகைப் போர்க்கப்பல்கள் அமெரிக்கக் குளங்களில் இன்றும் மாதிரியுருக்களாக மிதக்கின்றன.

நீளம் 144இல் ஒரு பங்காகும்போது கப்பலின் நிறை எவ்வளவாகும்? வகுப்பிற் கேட்டபோது பலர் “அதுவும் 144இல் ஒரு பங்கு” என்றனர். கணித ஆசிரியர் அருகில் இல்லாதது நன்று. நீளம், அகலம், உயரம் மூன்றுமே குறைவதால், கனவளவு 144ஐ மும்முறை பெருக்கி வரும் எண்ணால் வகுபடும். அவ்வெண் 29,85,984, ஏறத்தாழ முப்பது இலட்சம். ஜேர்மனியரின் ‘பிஸ்மார்க்’ 251 மீற்றர் நீளமும், முழுச்சுமையுடன் ஏறத்தாழ 50,000 தொன் நிறையும் உடையது. அதன் மாதிரி 1.74 மீற்றர் நீளமாக இருக்கும். நிறையோ 17 கிலோகிராம் அளவினதே. ஆக்கிமிடிசின் தத்துவப்படி அக்கப்பல் இடம்பெயர்க்கும் நீரின் நிறையும் அவ்வளவே. மோட்டார், பற்றரி, வாயுப்புட்டி, துப்பாக்கிகள், பம்பி எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். கட்டுவோர் தராசும் கையுமாக இருப்பதன் காரணம் இதுவே.

துப்பாக்கி இயங்கும் முறை எளியது. சிறு புட்டியில் அடைத்த காபனீரொட்சைட்டு வாயு, அமுக்கத்தைக் குறைக்கும் கருவியினூடாகத் துப்பாக்கிக்கு வருகின்றது. குழலினுள்ளே இறப்பர் வளையமொன்று உருக்குக் குண்டைத் தடுத்து வைத்திருக்கும். வானொலிக் கட்டளையால் வால்வு திறந்ததும் வாயு பாய்ந்து குண்டை வளையத்தினூடாக உந்தித் தள்ளும். வழக்கமான குண்டு 4.5 மில்லிமீற்றர் விட்டமுடையது. சில கழகங்களில் எல்லாக் கப்பல்களுக்கும் இக்குண்டே, விரைவாகச் சுடுவர். வேறு சிலவற்றில், மூலக்கப்பலின் பீரங்கி பெரிதாயின் மாதிரியின் குண்டும் பெரிதாகும். சுடும் வேகம் குறையும். இக்குண்டு கண்ணைக் கெடுக்கவல்லது. ஆதலாற் கரையில் நிற்பவர், வேடிக்கை பார்ப்பவர் உட்பட, அனைவரும் கண்காப்பு அணிந்தேயாகவேண்டும். படத்தைப் பார்த்த எம் மாணவர்கள் இதனைக் கவனிக்கவேயில்லை.

எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது துப்பாக்கி அன்று, கப்பலின் தோல். கப்பலுக்கு உறுதியான பக்கம் அமைப்பதன்றோ இயல்பு? இங்கே விதி அதனைத் தடுக்கின்றது. விலாச்சட்டங்களுக்கிடையே போல்சா என்னும் மிகமெல்லிய, மிக இலேசான மரத்தகட்டையே ஒட்டவேண்டும். விரைவாகச் சுடும் கழகங்களில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. விலாச்சட்டங்களை நெருக்கி வைத்துக் கள்ளக்கவசம் செய்யவும் முடியாது, இடைவெளிக்கும் அளவுண்டு. எதிரியின் குண்டு தன் கப்பலைத் துளைத்தேயாகவேண்டும் என ஒவ்வொருவரும் முன்னரே உடன்பட்டுக் கட்டுகின்றனர். துளைபடாத கப்பலைக் கொண்டுவருபவன் அங்கே வீரனல்லன்.

எனவே போரின் சூட்சுமம் நீருக்கும் மரத்துக்கும் இடையிலானது. நீர்மட்டத்துக்கு ஓரங்குலங் கீழே ஒரு துளை விழுந்ததாகக் கொள்வோம். தொரிசெல்லி கண்ட விதிப்படி அவ்வாழத்தில் நீர் செக்கனுக்கு ஏறத்தாழ 70 சதமமீற்றர் வேகத்துடன் உட்பாயும். 4.5 மில்லிமீற்றர்த் துளையினூடாக, விளிம்பில் இழப்பதைக் கழித்தால், நிமிடத்துக்கு அரை லீற்றரளவு நீர் புகும். அற்பமே. துளைகள் பத்தானால் ஐந்து லீற்றர், ஐந்து கிலோகிராம். கப்பலின் நிறையோ 17 கிலோகிராம் என்பதை நினைவிற் கொள்க. கப்பல் தாழத்தாழ, முன்பு நீர்மட்டத்துக்கு மேலே ஏதும் செய்யாதிருந்த துளைகளும் நீருள் அமிழ்ந்து வாய்திறக்கும். அதன்பின் முடிவு விரைந்து வரும்.

இந்நீரை வெளியேற்றப் பம்பியொன்று வைக்க இடமுண்டு. ஆயின் அதன் வெளிவாய்க்கும் அளவு விதிக்கப்பட்டுள்ளது. உள்ளே வந்த நீர் பம்பியை நாடி ஓடவேண்டும். ஓடாமற் பக்கத்திலே தேங்கினாற் கப்பல் அப்பக்கம் சரியும். சரியச்சரிய மேலும் நீர் அப்பக்கமே திரளும். கப்பலறிஞர்கள் பெரிதும் அஞ்சும் இடர் இதுவே. ஆகையால் தேர்ந்த கட்டுவோர் கப்பலின் அடித்தளத்தை இலேசான பொருளால் நிரப்பி, நடுவே ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றை மாத்திரம் விடுவர். நீர் எங்கு புகுந்தாலும் அவ்வாய்க்கால் வழியே பம்பிக்குச் சேரும். எம்மூர்த் தோட்டக்காரர் துலாவால் இறைத்த நீரை வாய்க்காற்படுத்திப் பாத்திக்கு விட்ட வித்தை, திசை மாறி அங்கே பயன்படுகின்றது.

நாட்போக்கில் வானொலிச் சாதனமும் மாறிற்று. முன்னர் ஒவ்வொருவரும் தமக்கெனக் குறித்த மீடிறனிலேயே பேசவேண்டும். ஒரே மீடிறனில் இருவர் பெட்டியைத் திறந்தால் ஒருவர் கப்பலை மற்றவர் திருப்பிவிடுவார். இன்றைய 2.4 கிகா ஏட்சுக் கருவிகளில் அத்தொல்லை இல்லை. எனினும் அவ்வலைகள் நீருள் அதிகம் செல்லா. தாழ்ந்த கப்பலுக்குக் கட்டளை சேராது.

மாணவன் கேட்ட வினாவுக்கு விடை போர்முடிவில் உளது. இரு அணிகளாகப் பிரிந்து பொருதபின் கப்பல்களைக் கரையேற்றித் துளைகளை எண்ணுவர். பரவலான ஒரு விதிப்படி நீர்மட்டத்துக்கு மேலுள்ள துளைக்குப் 10 புள்ளி, மட்டத்தில் உள்ளதற்கு 25, கீழுள்ளதற்கு 50. மூழ்கடித்தமைக்குப் புள்ளி வேறு. களத்தை விட்டு நீங்க விரும்பும் கப்பலின் தலைவர் “ஐந்து நிமிடம்” எனக் கூவி, அவ்வைந்து நிமிடமும் தப்பி மிதந்தால் மீளலாம். மூழ்கிய கப்பலிலிருந்து நூலிற் கட்டிய மிதவையொன்று மேலெழுந்து இடத்தைக் காட்டும். சொந்தக்காரர் நீரில் இறங்கி எடுத்து, நீரை வடித்து, கிழிந்த தோலை ஒட்டுவார். ஒட்டும்போது, மூழ்கடித்தவரும் அருகிலிருந்து பசை பிடிப்பது வழக்கமாம். அதே கப்பல் அன்றைக்கே மறுபடி மிதக்கும். அவர் சிரித்தது இதனாலே.

இவ்வளவும் அறிந்தபின்னும் எம் தயக்கம் முற்றாக நீங்கவில்லை. எமது கடலில் மூழ்கிய வள்ளங்களை எவரும் அன்று மாலை ஒட்டி மிதக்கவிடவில்லை. ஆயினும் எமது நினைவின் பாரத்தைப் பிள்ளையின் கப்பலில் ஏற்றுதல் நீதியோ என்ற வினாவும் எழுந்தது. அதிபருடனும் விஞ்ஞான ஆசிரியருடனும் கலந்து ஒரு முடிவுக்கு வந்தோம்: கப்பல் கட்டலாம், துளையும் இடலாம், துப்பாக்கி வேண்டாம். கண்ணுக்கு வரும் ஆபத்தைக் காரணமாகக் கூறினோம். அது மெய்க்காரணமே; அது மட்டுமன்று என்பதை மாணவன் அறிந்திருப்பான் போலும். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

போல்சாத் தகடு ஊரிற் கிடைக்கவில்லை. வேலியில் வெட்டி உலர்ந்த முள்முருக்கங் கட்டையொன்றைக் குடைந்து இரண்டடிக் கப்பல் செய்தார்கள். மரம் தானாக மூழ்காதாகையால் இரும்பாணிகளைப் பாரமாக அடியிற் பரப்பினார்கள். 4.5 மில்லிமீற்றர்த் துளையொன்று இட்டுத் தக்கையால் அடைத்து, கிணற்றடித் தொட்டியில் விட்டார்கள். தக்கையைப் பிடுங்கினால் எத்தனை நிமிடத்தில் மூழ்கும் என முன்னரே கணக்கிட்டுக் கரும்பலகையில் எழுதியிருந்தார்கள். ஆறு நிமிடம் என்பது கணக்கு. கப்பல் நாலு நிமிடத்திலேயே போயிற்று. புகுந்த நீர் இடப்பக்கம் திரண்டு, கப்பல் சரிந்து, துளையைப் பொருட்படுத்தாது விளிம்பின் மேலாகவே நீர் உள்ளே கொட்டியதை எல்லோரும் கண்டோம்.

நாம் ஆறுதல் கூற முற்படுமுன்னரே அம்மாணவன் தொட்டியிற் கைவிட்டுக் கப்பலை எடுத்துக் கவிழ்த்து நீரை ஊற்றினான். அவனும் சிரித்தான். இப்போது உட்புறத்தே நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கின்றான்.