மதரஸா டி-சர்ட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்

சென்ற ஆண்டு விழாவுக்காக நம் மக்தப் மதரஸா பிள்ளைகளுக்கு 60 டி-சர்ட் அடித்தோம். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி, முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டோம். விழாவுக்கு முதல் நாள் இரவு மூட்டை வந்தது. பிரித்தால், மதரஸாவின் அரபிப் பெயர் எழுத்து எழுத்தாக உடைந்து, இடமிருந்து வலமாக நின்றது. அடித்தவருக்கு அரபி தெரியாது. நாமும் மாதிரி கேட்கவில்லை. பெற்றோர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தந்த பணம் அது. இன்னொரு முறை இப்படி நேராமல் இருக்க, தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம்.

துணி

பனியன் துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அது. 140க்குக் கீழே போனால் உடல் தெரியும். 180 இருந்தால் அன்றாட உடுப்புக்குப் போதும். காலர் வைத்ததற்கு 220 வரை கேட்கலாம். பெண் பிள்ளைகளுக்கு முழுக்கை, கூடுதல் நீளம் வேண்டுமானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எந்த அச்சு?

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் செய்ய வேண்டும். ஆகவே பத்து உருப்படிக்குக் கட்டுப்படியாகாது. ஐம்பது, நூறு என்றால் மலிவு. டி.டி.எஃப். என்பது பிலிமில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டுவது. குறைந்த எண்ணிக்கைக்கும் பல நிறப் படத்துக்கும் ஏற்றது. ஆனால் பெரிய படமாக இருந்தால் காற்றுப் புகாமல் வியர்க்கும். சப்ளிமேஷன் வெளிர் நிறப் பாலியஸ்டரில் மட்டுமே நன்றாகப் பிடிக்கும், பருத்தியில் நிற்காது.

எம்பிராய்டரிக்குத் தையல் எண்ணிக்கையைப் பார்த்து விலை போடுவார்கள். முதல் முறை 'பஞ்சிங்' கட்டணம் தனி. அந்தப் பைலை வைத்திருக்கச் சொன்னால் அடுத்த முறை அந்தச் செலவு இல்லை. மெல்லிய துணியில் எம்பிராய்டரி போட்டால் சுருங்கி இழுக்கும்.

எழுத்து

அரை சென்டிமீட்டருக்குச் சிறிய எழுத்தை எம்பிராய்டரியில் போட்டால் தமிழின் சுழியும் புள்ளியும் அடைந்துவிடும். அரபியில் இன்னும் கவனம் தேவை. பா, தா, ஸா மூன்றுக்கும் புள்ளிதான் வேறுபாடு. சில கணினி மென்பொருள்களில் அரபி எழுத்துகள் ஒட்டாமல் பிரிந்து, வரிசையும் தலைகீழாகும். எனவே சரியான வடிவத்தை பி.டி.எஃப். பைலாகக் கொடுங்கள். அடிக்கும் முன் ஹஜ்ரத்திடம் காட்டுங்கள். கழிவறைக்கும் அழுக்குக் கூடைக்கும் போகும் உடையில் குர்ஆன் வசனமோ அல்லாஹ்வின் திருநாமமோ வேண்டாம்.

அளவு

ஒருவரின் 'எம்' இன்னொருவரின் 'எல்' ஆக இருக்கும். பிள்ளைக்குச் சரியாக இருக்கும் சட்டை ஒன்றை விரித்து, மார்பு அகலத்தையும் நீளத்தையும் அளந்து, கடைக்காரரின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வளரும் பிள்ளை, சுருங்கும் பருத்தி இரண்டையும் நினைத்து ஓர் அளவு கூட்டி எடுப்பது நல்லது.

மாதிரியும் பணமும்

முதலில் ஒரே ஒரு உருப்படி அடித்து வாங்குங்கள். வீட்டில் இரண்டு மூன்று முறை துவைத்துப் பாருங்கள். சாயம் போகிறதா, அச்சு வெடிக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றுக்குச் சம்மதம் சொல்லுங்கள். எண்ணிக்கை, அளவுவாரிப் பட்டியல், துணி, நிறம், விலை, தரும் தேதி, பிழையானால் யார் பொறுப்பு எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். தவணை வைத்த கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆனே (2:282) நமக்குக் கற்றுத் தருகிறது. ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து, மீதியைச் சரக்கை எண்ணிப் பார்த்துக் கொடுங்கள். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே கையில் கிடைக்கும்படி தேதி வையுங்கள்.

வந்த பிறகு உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள். அச்சின் மேல் இஸ்திரி போடாதீர்கள்.

பொதுப் பணம் அமானிதம். அந்த 60 டி-சர்ட்டுக்கு முன்னால் ஒரு மாதிரியைக் கேட்டிருந்தால், பிழை ஒரே டி-சர்ட்டோடு போயிருக்கும்.